நரைக்காத தலையும் ஆற்றில் போகும் தெப்பமும்

புறநானூற்றின் 191ஆம் பாட்டு பிசிராந்தையாருடையது, ஏழே அடி. 192ஆம் பாட்டு கணியன் பூங்குன்றனாருடையது, பதின்மூன்று அடி. முன்னதை நட்பின் பெருமைக்காகப் பள்ளியில் படிக்கிறோம். பின்னதன் முதல் அடியை மேடையிலும் வளைவிலும் வாழ்த்து மடலிலும் பார்க்கிறோம். தனித்தனியே படித்துப் பழகிவிட்டதால், அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டும் ஒரே கேள்விக்கு எதிரும் புதிருமான விடை சொல்கின்றன என்பது நம் கண்ணில் படுவதில்லை. மனிதனுக்கு மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பிறரிடமிருந்து வருகிறது என்கிறார் பிசிராந்தையார். இத்தனை வயதாகியும் தலை நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த காரணங்களில் அவருடைய சொந்தச் சாமர்த்தியம் ஒன்றுகூட இல்லை. மனைவி பண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் தன் கருத்தறிந்து நடப்பவர்கள், அரசன் தகாதது செய்யாமல் காப்பவன், எல்லாவற்றுக்கும் மேலாகத் தான் வாழும் ஊரில் அடக்கமும் கொள்கையும் உள்ள சான்றோர் பலர். ஐந்தும் மற்றவர்களால் வந்தவை.

அடுத்த பாட்டுக்குப் போனால், இரண்டாம் அடியிலேயே பூங்குன்றனார் இதை மறுக்கிறார். நல்லதும் கெட்டதும் பிறர் கொண்டுவந்து தருவதில்லை. நோவதும் நோவு தணிவதும் அப்படியே. நூலைத் தொகுத்தவர் ஏன் இவற்றை அருகருகே வைத்தார் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் வைத்துவிட்டார். ஒன்றைப் படித்து முடித்த கண் மற்றொன்றில் விழாமல் இருக்க முடியாது.

பூங்குன்றனாரின் ஊரான பூங்குன்றம், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்து மகிபாலன்பட்டிதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். காரைக்குடியிலிருந்து மதுரைச் சாலையில் அந்தப் பக்கம் போகும்போது வரும் ஊர் மானகிரி. குன்றக்குடி மலையும் பிள்ளையார்பட்டிக் குடைவரையும் அக்கம்பக்கம். மானகிரிச் சாலையோரத்தில் இன்று பெரிய மருத்துவமனை இருக்கிறது, பள்ளி இருக்கிறது. தை மாதத்தில் பழனிக்குக் காவடி எடுக்கும் நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகர்களான செட்டியார்கள், குன்றக்குடியில் கூடிப் புறப்படுகிறார்கள். ஊரில் பெரிய வீட்டுக்காரர் என்று பெயரெடுத்தவரும் வழியில் எல்லோரோடும் ஒன்றாகத் தரையில் படுத்து, எல்லோரும் உண்பதையே உண்டு நடக்கிறார். மருத்துவமனையும் பள்ளியும் பிசிராந்தையார் வழி. அந்த நடை பூங்குன்றனார் வழி. செட்டிநாட்டுக்காரர்கள் இரண்டையும் ஒரே சாலையில் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். இந்த இரண்டு பாட்டையும் ஒப்பிட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் பிசிராந்தையார். அவருடைய விடையை அதிர்ஷ்டசாலி ஒருவரின் பெருமிதம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், நல்ல ஆட்கள் வாய்த்தால் யாருக்குத்தான் நரைக்கும்? அப்படி ஒதுக்குவதற்கு முன் புறநானூற்றிலேயே ஏழு பாட்டு பின்னுக்குப் போக வேண்டும். 184ஆம் பாட்டும் இவருடையதே. பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் இறங்கினால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரி வாங்கும் அரசன் எதைச் செய்ய வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதார நூலும் சொன்னதில்லை. ஆக, தகாதது செய்யாத அரசன் பிசிராந்தையாருக்கு வானத்திலிருந்து விழுந்தவன் இல்லை. அரசன் முகத்துக்கு நேரே நின்று எடுத்துச் சொன்ன புலவர் ஒருவர் இருந்தார். பிறகு அந்த அரசைத் தம் மகிழ்ச்சிக் கணக்கில் எழுதிக்கொண்டார். மற்ற நான்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல மனைவியும் நல்ல பிள்ளைகளும் உள்ள வீட்டில், தன் பங்கைச் செய்த ஒரு கணவனும் தகப்பனும் இருந்திருக்க வேண்டும்.

191ஆம் பாட்டு பிறந்த இடம் இன்னும் முக்கியம். கோப்பெருஞ்சோழன் தன் இரு மகன்களோடு பகைத்து, அவர்கள்மேல் போருக்கு எழுந்து, புல்லாற்றூர் எயிற்றியனார் எடுத்துரைத்ததால் அதைக் கைவிட்டு, வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விடத் துணிந்தவன். பாண்டிநாட்டுப் பிசிரில் இருந்த ஆந்தையாரும் அவனும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. அவர் வருவார், இடம் ஒதுக்குங்கள் என்று சோழன் சொன்னான். அவரும் வந்தார். வந்தவரைப் பார்த்து அங்கிருந்த சான்றோர் கேட்டதுதான் நரைபற்றிய கேள்வி.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளைகளே எதிர்த்து நிற்க, வாழ்வை வெறுத்து ஒருவன் உண்ணாமல் இருந்த மண்ணில் நின்றுகொண்டு, என் மக்கள் நிரம்பியவர்கள் என்று ஒருவர் சொல்கிறார். அவர் எண்ணிக் காட்டிய ஐந்தில் ஒன்று இல்லாமல் போனால் ஒரு பேரரசனுக்கே என்ன நேரும் என்பதற்குச் சான்று அதே இடத்தில் இருக்கிறது. இத்தனையும் உடைய அந்த மனிதர் பிறகு என்ன செய்தார்? ஊருக்குத் திரும்பவில்லை. நண்பனோடு தாமும் வடக்கிருந்து இறந்தார்.

இதை நட்பின் உச்சம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மகிழ்ச்சி பற்றி யோசிப்பவர் இங்கே நிற்காமல் போகக் கூடாது. அவர் சொன்ன ஐந்தில் நண்பன் இல்லை. கணக்கில் எழுதாத ஒன்றுக்காகத்தான் கணக்கில் எழுதிய அத்தனையையும் விட்டார். மகிழ்ச்சிக்கு வேண்டியவற்றைப் பட்டியல் போடலாம். வாழ்வை எதற்காகக் கொடுப்போம் என்பது அதற்கு வெளியே இருக்கலாம். பிசிராந்தையார் இரண்டையும் நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், முதலாவதைப் பாட்டாக, இரண்டாவதைச் சாவாக.

இன்றைய உலகம் பெரும்பாலும் 191இன் பக்கம் நிற்கிறது. ஐக்கிய நாடுகள் அவை மார்ச் 20ஐ உலக மகிழ்ச்சி நாளாக 2012இல் அறிவித்தது. அதே ஆண்டு முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்தி, அந்த வேறுபாடுகளை ஆறு காரணங்களால் விளக்கப் பார்க்கிறது: தலா வருமானம், துன்பத்தில் கைகொடுக்க ஆள், நோயற்ற ஆயுள், தன் வாழ்வைத் தானே முடிவுசெய்யும் உரிமை, ஈகை, ஊழல் குறைந்த ஆட்சி. துணையும் நல்லாட்சியும் பிசிராந்தையாரின் ஐந்திலேயே இருக்கின்றன. 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு ஆய்வு, 268 கல்லூரி மாணவர்களையும் பாஸ்டன் நகரத்து எளிய குடும்பங்களின் 456 சிறுவர்களையும் முதுமைவரை தொடர்ந்து பார்த்தது. பணத்தையும் புகழையும்விட நெருங்கிய உறவுகளே நல்வாழ்வுக்கும் உடல் நலத்துக்கும் துணை என்பது அதன் முடிவு. நரைக்கும் மனநிறைவுக்கும் தொடர்பு உண்டா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். உடலின் முதுமையும் வீட்டின் அமைதியும் ஒன்றையொன்று தொடுகின்றன என்ற ஆந்தையாரின் எண்ணம் வீண்போகவில்லை.

இனிப் பூங்குன்றனார். அவர் பாட்டின் முதல் அடி உலகம் சுற்றிவிட்டது. 2007இல் அப்துல் கலாம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னார். 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் இந்தியப் பிரதமரும் சொன்னார். மிச்சமுள்ள பன்னிரண்டு அடிகளுக்கு அந்தப் பயணம் வாய்க்கவில்லை. அவற்றில்தான் அவர் தம் வாதத்தைக் கட்டுகிறார்.

சாவது புதிதல்ல. வாழ்வு இனிது என்று களித்ததும் இல்லை. வெறுப்பு வந்தபோது இன்னாதது என்று நொந்ததும் இல்லை. மழை கொட்டி, பாறைகளில் மோதி இரைந்து வரும் பேராற்றில் நீர் இழுத்த வழியே போகும் தெப்பம்போல, உயிரும் முறைவழியே போகிறது. இதைத் தெளிந்தோரின் நூல்களால் அறிந்தோம்; ஆகையால் பெரியவர்களைக் கண்டு வியப்பதில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. பாட்டின் ஓட்டம் இதுதான்.

உலக மகிழ்ச்சி அறிக்கை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துவரை படிகளுள்ள ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்வு, அடிப்படி மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இந்த விடைகளின் சராசரியை வைத்துத்தான் 2018 முதல் பின்லாந்து முதலிடத்தில் இருந்துவருகிறது. 2024 அறிக்கையில் 143 நாடுகளில் இந்தியா 126. பிசிராந்தையாரிடம் கேட்டிருந்தால் தயங்காமல் ஒன்பதோ பத்தோ சொல்லியிருப்பார். பூங்குன்றனார் விடையே சொல்லியிருக்க மாட்டார். வாழ்வை இனிது என்றோ இன்னாதது என்றோ மதிப்பெண் போட மறுப்பதுதான் அவர் பாட்டு. உயரம், தாழ்வு என்ற கணக்கையே கடைசி இரண்டு அடிகளில் அவர் தள்ளிவிடுகிறார்.

கிரேக்கத்திலும் இதே வழக்கு நடந்தது. அறம் முதன்மை என்றாலும் நண்பர், மக்கள், ஓரளவு செல்வம் போன்ற புறநலன்களும் இல்லாமல் மனிதன் முழு மகிழ்ச்சி அடைய முடியாது என்றார் அரிஸ்டாட்டில். அறம் ஒன்றே போதும், வெளியே உள்ளவை நம் கையில் இல்லை என்றார்கள் ஸ்டோயிக் சிந்தனையாளர்கள். ஆனால் பூங்குன்றனாரை ஸ்டோயிக்குகளோடு சேர்த்துக் கட்டிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களில் பலருடைய பேச்சு தன் மனத்தைக் காத்துக்கொள்வதிலேயே சுற்றிவரும். பூங்குன்றனார் பாட்டோ எல்லோரும் உறவினர் என்று தொடங்கி, சிறியோரை இகழ மாட்டோம் என்று முடிகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் மற்றவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் மன அமைதி அவர்களுக்காகவே சேர்த்துவைத்ததுபோல இருக்கிறது.

இந்த இரண்டு வழிகளையும் உயிரும் பணமும் போட்டுச் சோதித்துப் பார்த்த ஊர்கள் செட்டிநாட்டு ஊர்கள். அந்த வீடுகளுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். திண்ணையும் முகப்பும் தாண்டினால் வளவு. வானத்துக்குத் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய நடை, அந்த நடையை ஒட்டி வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் இருக்கும் சின்ன அறை ஒரு புள்ளிக்கு உரியது. திருமணமான மகனும் அவன் மனைவியும் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதும் புள்ளிக் கணக்கில்தான். அறையில் படுக்க இடம் போதாது. பெண்ணின் சீரும் பாத்திரமும் துணிமணியும் வைத்துப் பூட்டத்தான் அது. படுப்பதும் பேசுவதும் எல்லாருக்கும் பொதுவான நடையில். கல்யாணமான சில காலத்தில் மகனையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். வீடு ஒன்றே, அடுப்பு மட்டும் தனி, இரண்டாங்கட்டில். ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று பெரியவர் கொடுத்துவிடுவார். மாமியார் கை பார்த்து மருமகள் நிற்க வேண்டாம். வீட்டை விட்டுப் பிரியவும் வேண்டாம்.

பிசிராந்தையாரின் ஐந்தில் முதல் இரண்டையும் காப்பதற்கென்று யோசித்துக் கட்டிய ஏற்பாடு இது. சேர்ந்திருப்பதில் வரும் உரசலையும் தனித்திருப்பதில் வரும் வெறுமையையும் ஒரே கூரைக்குள் குறைக்கப் பார்த்தார்கள். பர்மாத் தேக்குத் தூணையும் முட்டைவெள்ளை கலந்து மெருகேற்றிய சுவரையும் படம் பிடிக்க வருகிறவர்கள் அந்தச் சின்ன அறைகளையும் வரிசை அடுப்புகளையும் பார்க்காமல் போய்விடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. என்னைக் கேட்டால், தேக்கைவிட அந்த அடுப்பு ஏற்பாடே பெரிய மரபுச்செல்வம்.

ஆனால் அந்த வீட்டைக் கட்டிய பணம் வீட்டில் இருந்தவரால் வரவில்லை. அவர் பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போயிருந்தார். பெட்டியடிப் பையனாக, அடுத்தாளாக, மேலாளாகப் போனவர் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார். அதுவரை அவர் மனைவி, ஆச்சி, இங்கே. வளவில் பத்துப் பேர் இருந்தாலும் அவளுக்கு வேண்டிய ஒருவர் இல்லை. பிசிராந்தையாரின் பாட்டில் நான் காணும் குறை இங்கேதான் இருக்கிறது. அவர் தலை நரைக்கவில்லை. அவர் மனைவியின் தலை? கருத்தறிந்து நடந்த ஏவலரின் தலை? ஒருவருடைய நிறைவுக்குப் பட்டியலில் நிற்கிறவர்கள் தங்களுக்கென்று பட்டியல் வைத்திருந்தார்களா என்று ஏழு அடியில் எங்கும் கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் யார் என்று தேடினால் வியப்பு காத்திருக்கிறது. பூங்குன்றனார் பெயரில் சங்க இலக்கியத்தில் இருப்பவை இரண்டே பாட்டு. ஒன்று 192. மற்றொன்று நற்றிணை 226, பாலைத்திணை. அதைப் பாடிய கணிபுன்குன்றனாரும் இவரும் ஒருவரே என்பார்கள். பொருள் தேடிப் பிரிந்த கணவனை நினைத்துத் தலைவி பேசுகிறாள். மரமே செத்துப்போகும்படி யாரும் மருந்து எடுக்க மாட்டார்கள். உடலின் வலிமையே அழியும்படி யாரும் தவம் செய்ய மாட்டார்கள். நாட்டின் வளமே கெடும்படி அரசர் பொன் வாங்க மாட்டார்கள். நாமோ அவர் இருப்பதால் உயிரோடு இருக்கிறோம். எவ்வளவு பொருள் போதும் என்று அளவு அறியாமல் அவர் போய்விட்டாரே என்கிறாள்.

தன் உயிர் இன்னொருவரைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லும் இந்தப் பெண்ணைப் படைத்தவரும், நோவு பிறரால் வருவதில்லை என்று பாடியவரும் ஒருவரே. முன்னது அகம், பின்னது புறம், மரபு வேறு என்று பண்டிதர்கள் விளக்கம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. பூங்குன்றனார் இரண்டையும் அறிந்தே பாடியிருக்கிறார். 192இல் பேசுகிறவர் தம் வாழ்வைப் பற்றி, நாங்கள் என்று, தம் வாயால் சொல்கிறார். பிரிந்தவளிடம் போய், உன் துன்பம் பிறரால் வரவில்லை அம்மா என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவளைப் பேசவிட்டார். மகிபாலன்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனையோ தலைமுறை கழித்து வாழ்ந்த ஆச்சிமாருக்கு நற்றிணை 226 சங்க இலக்கியமாகவே தோன்றியிருக்காது.

பர்மாக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உலகப் பொருளாதார மந்தம் நெல் விலையை வீழ்த்தியபோது கடன்பட்ட பர்மிய உழவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் நிறுவனங்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு; 1938இல் 25 விழுக்காடு. பணம் தேடிப் போனவர்கள் விரும்பாத நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். நிலம் இழந்தவர்களின் கோபத்துக்கும் ஆளானார்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தது; பலர் உயிர் பிழைத்து ஊர் வந்து சேர்ந்ததே பெரிது என்றானது. விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. தெப்பம் பாறையில் மோதியது என்று செட்டிநாட்டுப் பெரியவர்கள் பூங்குன்றனாரை நினைத்து ஆறுதல் கொண்டிருந்தால் அது அவர்கள் உரிமை. அதே பாட்டை ஐராவதிக் கரையில் நிலம் போன உழவனிடம் கடன் கொடுத்தவர் சொல்லியிருந்தால் அது கொடுமை. வார்த்தை மாறவில்லை, சொல்கிறவர் யார், கேட்கிறவர் யார் என்பது மாறிவிட்டது.

இந்த மண்ணில் இரு வழிகளையும் வாழ்ந்து காட்டியவர்கள் என்று இருவரைச் சொல்வேன். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 1881இல் அதே மகிபாலன்பட்டியில் பிறந்தவர். இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டு, கோல் ஊன்றி நடந்தவர். சிறு வயதிலேயே தொழிலுக்காக இலங்கைக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். பள்ளிப் படிப்பு மாதக் கணக்கில்தான். தமிழும் வடமொழியும் கற்று, மிருச்சகடிகத்தை மண்ணியல் சிறுதேர் என்று தமிழாக்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். பிசிராந்தையாரின் கணக்குப்படி வாழ்க்கை அவரைக் கைவிட்டிருக்க வேண்டும். கிடைக்காததை எண்ணி நிற்காமல், வந்த நீரில் தெப்பம் விட்டவர் அவர். அவரும் தனியாக நிற்கவில்லை. 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை கண்டு, கற்றவர்கள் கூடும் இடம் ஒன்றை ஊருக்குக் கொடுத்தார்.

மற்றவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார், 1909 முதல் 1957 வரை வாழ்ந்தவர். சென்னையில் எம்.ஏ., இலண்டனில் பாரிஸ்டர் படிப்பு. விமானம் ஓட்டவும் கற்றவர். மலேயா ரப்பர், கேரளத்தில் நூற்பாலை, விமான நிறுவனம் என்று சம்பாதித்தார். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்விக்குக் கொடுத்தார். நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒருநாள் முன்பு இறந்தார்; கடைசி ஆண்டுகள் நோயோடு கழிந்தவை. ஏணிப்படிக் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஒன்று மட்டும் உறுதி. பிசிராந்தையார் தம் ஐந்தில் உச்சமாக வைத்தது சான்றோர் பலர் வாழும் ஊர். அப்படிப்பட்ட ஊர் தானாக அமையக் காத்திராமல் அதைக் காசு கொடுத்துக் கட்டப் பார்த்தார் அழகப்பர். பாண்டியனிடம் யானைக் கதை சொன்ன ஆந்தையாரின் வேலையை இருபதாம் நூற்றாண்டில் செய்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

இரண்டு பாட்டையும் சமரசம் செய்துவைக்க எனக்கு விருப்பம் இல்லை. பிறர் தருவது என்று ஒருவர் சொல்வதை, பிறர் தர முடியாது என்கிறார் மற்றவர். அந்த முரண் முரணாகவே இருக்கட்டும். ஆனால் எதை எங்கே எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. என் வீட்டில் இழப்பு நேர்ந்தால், யாரையும் நோகாமல் எழுந்து நிற்க 192 எனக்கு வேண்டும். அடுத்தவர் வீட்டில் துன்பம் என்றால் 191ஐத்தான் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்: வீட்டில் யார் துணை, கூலி நியாயமாகக் கிடைத்ததா, அரசு தகாதது செய்ததா, ஊரில் பெரியவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவராவது எட்டிப் பார்த்தாரா? நல்லதும் கெட்டதும் பிறர் தந்து வருவதில்லை என்று துன்பப்படுகிறவரிடம் சொல்கிறவர்கள் பூங்குன்றனாரின் கடைசி அடியைப் படிக்காதவர்கள். சிறியோரை இகழாதே என்பது அங்கேதான் இருக்கிறது.

பிசிராந்தையாருக்கும் ஒரு திருத்தம் வேண்டும். அவருடைய ஐந்தையும் ஒவ்வொருவர் பக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும். மனைவியின் ஐந்து எது, ஏவலரின் ஐந்து எது, மானகிரி மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்யும் பெண்ணின் ஐந்து எது என்று. அப்போதுதான் அது ஒரு மனிதரின் நிறைவிலிருந்து ஊரின் நிறைவாக விரியும்.

பூங்குன்றனார் பாட்டை எழுதி வைத்திருக்கும் பள்ளிச் சுவர்களில் பக்கத்திலேயே பிசிராந்தையார் பாட்டையும் எழுதுங்கள். ஏழு அடிக்கு அதிக இடம் தேவைப்படாது. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் வரவுசெலவு வாசித்து முடித்ததும், ஆந்தையாரின் ஐந்தையும் ஒவ்வொன்றாக வாசித்து, நம் ஊரில் யார் யாருக்கு எது எது இல்லை என்று கேளுங்கள். முதலில் பெண்களைப் பேசச் சொல்லுங்கள்.